எட்டு விம்மல்களும் ஒரு கிளச்சும்

பியானோவைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தால் உடம்பிலுள்ள சர்க்கரையும் தாழும் என்று நம்பியவன் நான். வேறு யாராவது சொல்லி இது உங்கள் காதுக்கு வருவதைவிட நானே முந்திக்கொள்வது மரியாதை.

செய்தி வந்தது எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில். உலகத்து வாத்தியங்களெல்லாம் தப்பான அளவில் சுருதி கூட்டப்பட்டிருக்கின்றனவாம். ‘ஏ’ என்கிற சுரம் வினாடிக்கு நானூற்று நாற்பது முறை அதிர்கிறதாம். அதை நானூற்று முப்பத்திரண்டுக்கு இறக்கிவிட்டால் பசு கூடுதலாகக் கறக்கும், தென்னை குரும்பை உதிர்க்காது, பிரஷர் அடங்கும், சர்க்கரை குறையும். கூடவே மண்டைக்குள் விளக்கெரிகிற ஒரு மனிதனின் படம், ஒரு தாமரை, மூன்று கும்பிடு. ஒரு கும்பிடு இருந்தால் நான் எதையும் நம்பிவிடுவேன். மூன்று இருந்தால் செய்தும் விடுவேன்.

பசு எங்களிடம் இல்லை. தொண்டாமுத்தூர்ப் பக்கம் கொஞ்சம் தென்னை இருக்கிறது. ஆனால் அங்கே குரும்பை உதிர்வதைவிட யானை வருவதுதான் பிரச்சினை. யானைக்கு எந்த அளவு ஒத்துக்கொள்ளும் என்று செய்தியில் போடவில்லை. மிச்சமிருந்தது சர்க்கரை. அது என்னிடம் தாராளமாக இருந்தது.

வீட்டில் ஒரு டிஜிட்டல் பியானோவும் இருந்தது. அது என் மனைவியுடையது. அவளை நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். அம்மணி காலையிலும் மாலையிலும் அதன்முன் உட்கார்ந்து வாசிப்பாள். நான் எதிரே சோபாவில் படுத்திருப்பேன். ஆக, அளவை மட்டும் மாற்றி வைத்துவிட்டால் வைத்தியம் தானாக நடக்கும், மைசூர்பாகையும் விடவேண்டியதில்லை. இவ்வளவு லாபகரமான திட்டத்தை என் பட்டறையில்கூட நான் போட்டதில்லை.

பட்டறை என்றால் துடியலூரில் பம்பு உதிரிபாகம் கடைகிற சின்ன லேத் பட்டறை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த மிஷின் வாங்கினாலும் மேனுவலை அட்டைப்பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு ஸ்பேனரோடு உட்காருவோம். டிஜிட்டல் பியானோவில் ஸ்பேனருக்கு வேலை இல்லை. உள்ளே கம்பி கிடையாது, முறுக்க ஆணி கிடையாது. ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தட்டினால் சின்னத் திரையில் எண் ஏறும், இறங்கும். அம்மணி காய்கறிக்குப் போயிருந்த நேரத்தில் தட்டித் தட்டி 432-க்கு இறக்கினேன். அது அப்படியே நிற்கும்படி சேமித்தும் வைத்தேன். பிறகு ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. நல்ல மருந்து முதலில் ஏற்றித்தான் இறக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அம்மணி பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தபோதே, இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு அம்மாளிடம் பியானோ கற்க ஆரம்பித்தாள். அந்த அம்மாள் சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசிக்கிறவர். அம்மணிக்கு அவர் டீச்சர். அவருக்கு அம்மணி டீச்சர். இருவரும் பேசிக்கொண்டால் வாக்கியத்துக்கு இரண்டு டீச்சர் வரும். நான் குழம்பாமல் இருக்க அவரைப் பியானோ டீச்சர் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒருநாள் பொழுதோடு பியானோ டீச்சர் வெற்றிலைத் தட்டும் கல்யாணப் பத்திரிகையுமாக வந்தார். மகளுக்குக் கல்யாணம், அதே சர்ச்சில். பத்திரிகையை வாங்கி நான் சாப்பாட்டு நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் அம்மணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக்கூடாதுங்க. நான் பொண்ணோட அம்மா. அன்னிக்கு முன்வரிசையில உக்காரோணும். அங்க போயி வாசிச்சுட்டு இருக்க முடியாதுங்க. பொண்ணு உள்ள நடந்து வரப்ப நீங்கதான் வாசிக்கோணும்.”

“ஐயோ டீச்சர், ஊட்டுல இவருக்கு முன்னாடி வாசிச்சதோட சரிங்க. இவரும் பாதி நேரம் தூங்கிருவாரு.”

“எனக்கு வெளியாளு வேண்டாங்க. எம் பொண்ணு சின்னதுல இருந்து கேட்ட மெட்டு. நான் சொல்லிக் குடுத்த கை ஒண்ணு வாசிக்கோணும். என்ற தம்பி வயலின் வாசிப்பான், கூட நீங்க.”

அம்மணி சரி என்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு என்னிடம் வேறு ஒன்று சொன்னாள்.

“கொஞ்ச நாளா நான் வாசிக்கறதே எனக்குச் சரியாக் கேக்க மாட்டேங்குதுங்க. எல்லாமே சோந்து போனாப்பல இருக்குது. டீச்சர் ஊட்டுல வாசிச்சா ஒரு மாதிரி, இங்க வாசிச்சா ஒரு மாதிரி. காது போயிட்டு இருக்குதோ என்னமோ. கல்யாணத்துல போயி டீச்சர் மானத்த வாங்கிபோட்டேன்னா?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? காது டாக்டர் ஒருவரைச் சிபாரிசு செய்தேன். 432-க்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்கிற எண்ணம் என் தலையின் எல்லையைக்கூடத் தொடவில்லை. அந்தத் தலைக்குள்தான் விளக்கு எரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒத்திகைக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார்கள், பியானோ டீச்சரும் அவர் தம்பியும். தம்பி சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். வயலினை எடுத்து, போனில் ஒரு கருவியை வைத்துச் சுருதி பார்த்து, பணிவாகத் தோளில் வைத்துக்கொண்டார். இருவரும் ஆரம்பித்தார்கள்.

புளியையும் பாலையும் ஒரே டம்ளரில் ஊற்றியதுபோல் இருந்தது.

ஒருவர் வீட்டுக்குப் போய் அவர் பொருளில் குறை சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. குறை இருந்தே தீரவேண்டும் என்றால் அது நம் பொருளில் இருப்பதாகச் சொல்லி, ஒரு ‘ங்க’வும் போட்டுவிடுவோம்.

“சாரிங்க அக்கா, என்ற வயலின்தானுங்க ஏறிப்போச்சு போல,” என்றார் தம்பி.

“ஏசி காத்துக்கு அப்பிடித்தானுங்க ஆகும்,” என்றார் பியானோ டீச்சர்.

“அப்பிடீன்னா ஏசிய நிறுத்திபோடலாமுங்க,” என்றேன் நான், குற்றவாளி, பெருந்தன்மையோடு.

ஏசியை நிறுத்தினோம். ஃபேனையும் நிறுத்தினோம். ஜன்னலைத் திறந்தோம். காபி குடித்தோம். மறுபடி வாசித்தார்கள். வியர்வை கூடியதே தவிர வேறு மாற்றம் இல்லை. தம்பி வயலினின் முளைகளைத் திருகிக் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தார். “நானே கீழ எறங்கி வந்தர்றனுங்க அக்கா, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க.” இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால், மரியாதையின் காரணமாகவே ஒரு வயலின் தொங்கிப்போய், என் 432 ஒரு கல்யாணத்தையே பிடித்திருக்கும்.

“எறக்காதீங்க தம்பி,” என்றாள் அம்மணி. குரல் மாறியிருந்தது. வகுப்பறையின் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரல். “முன்ன இருந்தாப்பலயே வெய்யுங்க. அந்த ‘ஏ’ கம்பிய மட்டும் நீளமா இழுங்க. நிறுத்தாதீங்க.”

தம்பி இழுத்தார். அம்மணி அதே சுரத்தைப் பியானோவில் அழுத்தி, சத்தம் தேயும்போதெல்லாம் மறுபடி அழுத்தினாள். இரண்டு ஒலிக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று கேட்டது. ஆட்டோ எஞ்சின் துடிப்பதுபோல் ஒரு வவ்வவ்வவ். கிட்டத்தட்ட ஒத்துப்போகிற, ஆனால் ஒத்துப்போகாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் இப்படி ஏறி இறங்குமாம். பிளஸ் ஒன் பாடத்தில் இதற்குப் பெயர் விம்மல். பெயரைக் கேட்டபோது, இத்தனை நாளும் அழுதுகொண்டிருந்தது எங்கள் பியானோதான் என்று பட்டது.

அம்மணி கண்ணைச் சுவர்க்கடிகாரத்தில் வைத்து, விரலால் முழங்காலில் தட்டினாள். திரும்பத் திரும்பத் தட்டினாள்.

“வினாடிக்கு எட்டுப் பக்கம் வருதுங்க. தம்பி, போன்ல பாத்தது நானூத்தி நாப்பதுதானுங்க?”

“ஆமாங்க்கா.”

“அப்ப எங்க பியானோ ஒண்ணு, நானூத்தி நாப்பத்தெட்டா இருக்கோணும். இல்லாட்டி நானூத்தி முப்பத்திரெண்டா இருக்கோணும். விம்மல வெச்சு வித்தியாசத்தத்தான் சொல்ல முடியும். மேலயா கீழயான்னு சொல்ல முடியாது.” இப்படிச் சொல்லிவிட்டு அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, குரூப்புல வந்துச்சுங்களா?”

இயற்பியல் விட்ட இடத்திலிருந்து என் முகத்தை வைத்து மீதியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

“மூணு கும்பிடு போட்டிருந்துச்சு அம்மணி,” என்றேன்.

அவள் தம்பியை இழுக்கச் சொல்லிவிட்டு, இடதுகையால் பட்டனைப் பிடித்துக்கொண்டு வலதுகையால் ஒவ்வொரு தட்டாக எண்ணை ஏற்றினாள். திரையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே தட்டினாள். வவ்வவ் என்று துடித்தது தளர்ந்து வவ்… வவ்… ஆயிற்று. ஊஞ்சல் ஓய்கிற மாதிரி இன்னும் தளர்ந்தது. கடைசியாக ஒரு மூச்சு விட்டதுபோல் ஏறி, இறங்கி, காணாமல் போயிற்று. வயலின் எது, பியானோ எது என்று தெரியாமல் ஒரே ஒலியாக நின்றது. பிறகுதான் திரையைப் பார்த்தாள். 440. நான் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து கொண்டுவருகிற துல்லியத்தை அவள் வெறும் காதில் கொண்டுவந்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தண்டனைக்குப் பயப்படவேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது.

“காது டாக்டர் நம்பரு வேண்டாமுங்க,” என்றாள் என்னிடம். அவ்வளவுதான். ஆனால் அவள் முகத்தில் எனக்கான கோபத்தைவிட, காது தன்னிடமே இருக்கிறது என்கிற நிம்மதிதான் பெரிதாக இருந்தது. பியானோ டீச்சரிடம் திரும்பி, “வாசிக்கிறனுங்க டீச்சர்,” என்றாள். பத்திரிகை வந்த நாளில் கேட்ட கேள்விக்குப் பதில் அன்றுதான் வந்தது.

அதன் பிறகு அவள் பியானோவை என் கண்ணெதிரே ஒரு வண்டியைப்போல் சர்வீஸ் செய்தாள். காலடியில் மூன்று பெடல்கள் மரச்சட்டத்தில் பொருத்தியிருக்கும். வலது பெடலை மிதித்தால் விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்கும். காலை எடுத்தால் அறுந்துவிடும். எவ்வளவு ஆழம் மிதித்தால் எவ்வளவு நிற்கவேண்டும் என்பதைக்கூட அந்தத் திரையில் மாற்றலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அம்மணிக்கு வலது முழங்கால் வலி. பாதி மிதியிலேயே பிடித்துக்கொள்ளும்படி அளவை மாற்றி, மிதித்துப் பார்த்து, இன்னும் ஒரு புள்ளி குறைத்து, மறுபடி மிதித்துப் பார்த்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே வரியை வாசித்துக் கேட்டாள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது, மாற்றினால் எதனால் எது நடந்தது என்று தெரியாது என்றாள். என் பட்டறையில் நான் ஒரே நேரத்தில் நான்கை மாற்றிவிட்டு அப்புறம் யாரையாவது திட்டுவேன்.

கல்யாணத்துக்கு எங்கள் பியானோவையே கொண்டுபோவது என்று ஆயிற்று. சர்ச்சிலிருந்த பழைய கீபோர்டில் சில கட்டைகள் செத்திருந்தன. பெடல் சட்டத்தைக் கழற்றிப் பூட்டுவது பெரிய வேலை. அதனால் கட்டைகள் இருக்கிற மேல்பலகையை மட்டும் எடுத்துப்போவோம், பழைய கீபோர்டின் ஒற்றைப் பெடலை அதில் செருகிக்கொள்வோம் என்று அவளே சொன்னாள். பட்டறையின் குட்டி லோடு வண்டியில், அதுதான் சின்ன யானையில், மெத்தை விரித்து ஏற்றினேன். எனக்குத் தொந்தரவு தராத ஒரே யானை அது.

முந்தின நாள் சர்ச்சில் வைத்து ஒரு முறை வாசித்துப் பார்த்தார்கள். அம்மணி முதலில் பியானோவைத் தொடவே இல்லை. நடுவில் போய் நின்று ஒரே ஒரு கைதட்டு தட்டிவிட்டு, அந்த ஒலி உயரமான கூரையில் போய்த் திரும்பி வருவதைக் கேட்டாள். “கட்டடமே இவ்வளவு முழங்குது. நாம வேற எதுக்குங்க?” என்று பியானோவின் எதிரொலி அமைப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் கேட்டால் வறட்டுச் சத்தம். அங்கே கேட்டால் தேன். ஒற்றைப் பெடலில் பாதி மிதி கிடையாது, மிதித்தால் உண்டு, விட்டால் இல்லை. “லைட் சுவிட்ச் மாதிரி,” என்றாள். காலை அதற்குப் பழக்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையில் எல்லாம் தயார். பியானோவை அவளே மாட்டி, அவளே ஆன் செய்து, எண்களைச் சரிபார்த்தாள். அந்த நேரத்தில் பியானோ டீச்சர் உள் அறையிலிருந்து கூப்பிட்டார். மணப்பெண்ணின் தலைத்துணி நிற்கவில்லை, பின் குத்தக் கை வேண்டும். அம்மணி போகும்போது என்னைப் பியானோ ஸ்டூலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“ஆரும் தொடாம பாத்துக்குங்க. நீங்களுந்தான்.”

நான் சத்தியமாகத் தொடவில்லை. கரண்டு போயிற்று. அது என் குற்றம் இல்லை. பின்னால் ஜெனரேட்டர் உறுமி, ஃபேன்கள் மறுபடி சுற்றின. பியானோ மட்டும் இருட்டாக இருந்தது. ஜனங்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம். அம்மணியைக் காணோம். அவள் வந்து உட்கார்ந்து கட்டையை அழுத்தி, சத்தம் வராமல் போனால்?  ஸ்டூலுக்கு மாறி, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது. திரையில் 440 இருந்தது. நல்லவேளை நான் இருந்தேன் என்று பெருமூச்சு விட்டு, நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மணி வேகமாக வந்து அமர்ந்தாள். தம்பி வில்லை உயர்த்தினார். வாசலில் மணப்பெண் அப்பாவின் கையைப் பிடித்து நின்றாள். எல்லோரும் எழுந்தோம். அம்மணி ஆரம்பித்தாள்.

முதல் சுரக்கூட்டம் நீண்டு நிற்கவேண்டிய இடத்தில் பட்டென்று அறுந்தது. அடுத்து சுத்தமாக வரவேண்டிய வரி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி முழங்கிற்று. முன்வரிசையில் பியானோ டீச்சரின் தோள் இறுகுவது பின்னாலிருந்தே தெரிந்தது. இது ஏதோ கல்யாண ஸ்டைல் என்று நினைத்து நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அம்மணி ஒரே ஒரு முறை கீழே, தன் காலைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கடுத்த வரியிலிருந்து எல்லாம் தெளிந்துவிட்டது. நிற்கவேண்டியது நின்றது, விடவேண்டியது விட்டது. வயலின் அவள் ஒலியின்மேல் ஏறி நடந்து வந்தது. அந்த ஒலியின்மேல் மணப்பெண் நடந்து வந்தாள். பியானோ டீச்சரின் தோள் தளர்ந்தது. மடியில் அவர் விரல்கள் தாமாக அசைந்துகொண்டிருந்தன. மகள் அவரைக் கடக்கும்போது அம்மாவைப் பார்க்காமல் பியானோ பக்கம் பார்த்துச் சிரித்தாள். அந்த மெட்டு அவளுக்கு அம்மாவின் கையிலிருந்துதான் வந்தது. அன்றைக்கும் அப்படியேதான் வந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் பாதி நேரம் தூங்கியிருக்கிறேனே என்றுகூடத் தோன்றியது.

ஆயர் ஜெபிக்க ஆரம்பித்து எல்லோரும் தலை குனிந்தபோது பியானோவின் விளக்கு அணைந்தது. மறுபடி கரண்டு போய்விட்டது என்று உதவிக்குப் பாதி எழுந்தேன். வயலின் தம்பி அங்கிருந்தே, உட்காருங்க உட்காருங்க என்று கையால் கெஞ்சினார். விளக்கு தானாக எரிந்தது. உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுப் பந்தலில்தான் விஷயம் வெளிவந்தது. பிரியாணி பரிமாறிய இலையின்முன் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம்.

“அக்கா, ஆரம்பத்துல என்னுங்க ஆச்சு? நான் பயந்தே போனேன்,” என்றார் தம்பி.

“பெடல் தலகீழா இருந்துச்சுங்க தம்பி. மிதிச்சா அறுக்குது, விட்டா நிக்குது.”

“அதெப்பிடிங்க டீச்சர் தலகீழா ஆவும்? நேத்து நல்லா இருந்துச்சே,” என்றார் பியானோ டீச்சர்.

“ஆன் பண்ற நேரத்துல பெடல் எப்பிடி இருக்குதோ, அதுதான் சும்மா இருக்கற நெலைன்னு பியானோ எடுத்துக்கும். ஆரோ மிதிச்சுட்டே ஆன் பண்ணியிருக்காங்க.” அம்மணி சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டாள். “ஏனுங்க, கால எங்க வெச்சிருந்தீங்க?”

யோசித்துப் பார்த்தேன். காலுக்கு அடியில் ஒரு பெடல் இருந்தது நினைவுக்கு வந்தது. இடது காலை நீட்டி அதை மிதித்ததும் நினைவுக்கு வந்தது. காராகட்டும், சின்ன யானையாகட்டும், தோப்பில் இருக்கிற டிராக்டராகட்டும், முப்பது வருஷமாக மிதித்த பிறகுதான் சாவி.

“ஸ்டார்ட் பண்றப்ப கிளச்ச அமுத்தாம எப்பிடி அம்மணி?” என்றேன்.

வயலின் தம்பிக்குப் புரையேறிவிட்டது. பியானோ டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். “நல்லவேளைங்க அண்ணா, கியர் போடாம வுட்டீங்க,” என்றார். கல்யாணப் பெண்ணின் அம்மா அன்று அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அழுதார்தான், ஆனால் என்னால்.

சிரிப்பு அடங்கிய பிறகு தம்பி ஒன்று கேட்டார். “அது செரிங்க அக்கா, ஜெபத்துலதான அணைச்சுப் போட்டீங்க, அதுக்கு முன்னால நேரமே இல்லையே. பொண்ணு நடக்க ஆரம்பிச்சிருச்சு. எப்பிடி வாசிச்சீங்க?”

“தலகீழா இருந்தா தலகீழா மிதிக்க வேண்டியதுதானுங்க. மிதிக்கற எடத்துல விட்டேன், விடற எடத்துல மிதிச்சேன்.”

அவள் இதை ரசத்துக்கு உப்புக் குறைவு என்று சொல்வதுபோல் சொன்னாள். நான் அன்று வீட்டுக்கு வந்து மேஜைக்கடியில் காலை வைத்து முயன்று பார்த்தேன். கையால் தாளம் போட்டுக்கொண்டு, தாளம் விழுகிற இடத்தில் காலைத் தூக்கவேண்டும். நான்கு தாளத்துக்குமேல் தாங்கவில்லை, காலும் கையும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. இவளோ பத்து விரலும் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம், முழங்கால் வலி ஒரு பக்கம், ஊரே எழுந்து நின்று பார்க்கிறது, வாழ்க்கையில் முதல் தடவை. பழகிய காலுக்கு உட்கார்ந்த இடத்திலேயே நேர்மாறாகப் பாடம் சொல்லி, அதைக் கேட்கவும் வைத்திருக்கிறாள். ஒரு பிள்ளை தப்புச் செய்தால் வகுப்பை நிறுத்தாமல், திட்டாமல், நடத்திக்கொண்டே திருத்துகிறவர்கள் உண்டே, அந்த மாதிரி. இத்தனை வருஷத்தில் என்னையும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான்தான் ஓட்டுவது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பந்தி முடிகிற நேரத்தில் ஆயர் எங்கள் இலைப்பக்கம் வந்தார். பியானோ டீச்சர் மகளோடு கொஞ்ச காலம் பெங்களூரில் இருக்கப்போகிறார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்க ஆள் இல்லை.

“டீச்சரம்மா வாசிச்சுக் குடுப்பீங்களா? நீங்க நம்ம சர்ச்சு இல்லீங்க, தெரியும். கட்டாயம் இல்லீங்க.”

அம்மணி பியானோ டீச்சரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். “டீச்சர் திரும்பி வார வரைக்கும் வாசிக்கிறனுங்க,” என்றாள் அம்மணி. பத்திரிகை வந்த அன்று சரி என்று சொல்ல முடியாமல் நின்றவள் இவள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மெத்தைக்கு நடுவில் பியானோவைப் படுக்கவைத்து, கயிற்றால் கட்டி, சின்ன யானையை மேட்டுப்பாளையம் ரோட்டில் மெதுவாக ஓட்டிவந்தேன். அம்மணி பக்கத்து சீட்டில், ஜன்னல் பக்கம் சாய்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தாள். எனக்கு மனசு பொங்கிக்கொண்டிருந்தது. இவளுக்காக இனிமேல் ஏதாவது உருப்படியாகச் செய்யவேண்டும் என்று நிஜமாகவே முடிவு செய்தேன்.

“அம்மணி, வார ஞாயித்துக்கெழமைல இருந்து நானே காத்தால வெள்ளன எந்திரிச்சு, உன்கூட வந்து, பெடல மாட்டி, சுருதி பாத்து, ஆன் பண்ணி, எல்லாத்தையும் ரெடியா வெச்சுக் குடுத்துபோடறேன். நீ வந்து உக்காந்து வாசிச்சா மட்டும் போதும். என்ன சொல்ற?”

அம்மணி ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

“நீங்க தூங்குங்க.”